எட்டாவது தளம், இடமிருந்து இரண்டாவது

“தூக்கம் எப்படி உங்களுக்கு?”

எதிரே வந்து உட்கார்ந்தவர் நாற்காலியை இழுத்துச் சரிசெய்துகொள்வதற்குள் வாலக்கா கேட்டுவிடுவார். கப்பல் பயணம் பற்றி விசாரிக்க வந்த மனிதர், தவறி மருத்துவமனைக்குள் நுழைந்துவிட்டோமோ என்று வாசல் கண்ணாடியில் எழுதியிருப்பதை ஒருமுறை திரும்பிப் பார்ப்பார். அதற்குள் அடுத்த கேள்விகள் வந்துவிடும். “முட்டி வலி உண்டா? ராத்திரி எத்தனை தடவை எந்திரிப்பீங்க? வீட்டுல குறட்டை யாரு, நீங்களா, அவங்களா?” கணவனும் மனைவியும் ஒரே நேரத்தில் ஒருவரை ஒருவர் கைகாட்டுவார்கள். சிரிக்காமல் அதையும் குறித்துக்கொள்வார்.

எங்கள் பயண முகவர் அலுவலகத்தில் அவரை வாலக்கா என்பார்கள். வயது ஐம்பத்து நான்கு. சேட்டைக்காக வைத்த பெயரல்ல. சேட்டை செய்கிற முகமும் அல்ல அது. கப்பலின் பின்கோடியில், கப்பல் கிழித்துவிட்டு வருகிற தண்ணீரைப் பார்த்தபடி இருக்கும் பால்கனி அறைகளுக்கு எங்களிடையே வால் ரூம் என்று பெயர். பனிமலைகளுக்கு நடுவே போய்வரும் குளிர்க்கடல் பயணத்துக்கு வால் ரூமை விட்டால் வேறு ரூமே கிடையாது என்பது அவருடைய கட்சி. வெகுகாலம் அந்தக் கட்சியில் தலைவரும் தொண்டரும் அவர் ஒருவர்தான்.

அந்தக் கப்பல்கள் வருடத்தில் நான்கு மாதம் மட்டும் ஓடுபவை. பத்து நாள் பயணம். மலையிலிருந்து இறங்கிவரும் பனியாறு கடலில் உடைந்து விழும் இடம்வரை போய், அங்கே ஒரு மணி நேரம் நின்று, திரும்பிவிடும். போகிறவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது முன்பக்க அறையைத்தான். வாலக்கா பென்சிலைக் காதிலிருந்து எடுப்பார்.

“முன்னாடி எடுத்தா காத்து மூஞ்சிலயே அறையும். கதவைத் திறக்கவே முடியாது. கண்ணாடிக்குப் பின்னாடி நின்னு பாக்கறதுக்கு வீட்டுல டிவி இல்லையா? பக்கவாட்டுல எடுத்தீங்கன்னு வைங்க, மலை இந்தப் பக்கம் வரும்போது நீங்க அந்தப் பக்கம் இருப்பீங்க. ‘நான் இடது பக்கம்தான் எடுக்கச் சொன்னேன், நீ கேட்டியா’ன்னு பத்து நாளும் அதே சண்டை. பின்னாடி உக்காருங்க. அவ்வளவு பெரிய கப்பல் உங்களுக்காகக் காத்தை மறைச்சுக்கிட்டு நிக்கும். ரெண்டு கரையும் தெரியும். போன மலையை நிதானமா அனுப்பி வைக்கலாம்.”

இப்படிச் சொல்லிவிட்டு, வந்தவர் முகம் மலர்ந்ததும், “ஆனா ஒண்ணு” என்பார். முதலாளிக்கு உலகத்திலேயே பிடிக்காத சொற்கள் அந்த இரண்டும். கப்பல் கரை சேரும்போது பின்பக்கம் கட்டில் குலுங்கும். மேசைமேல் தண்ணீர் வைத்தால் நடனமாடும். காற்று திசை மாறினால் புகைக்கூண்டிலிருந்து கறுப்புத் தூள் விழும். வெள்ளைச் சட்டையோடு உட்காரக்கூடாது. சாப்பாட்டுக் கூடத்துக்கும் லிஃப்டுக்கும் நீள நடக்கவேண்டும். மேல்தளம் சாப்பாட்டுக் கூடமாக இருந்துவிட்டால் விடிவதற்கு முன்பே தலைக்கு மேல் நாற்காலி இழுப்பார்கள். “மாமியார் வீடு மாதிரிங்க. எல்லாம் நல்லாத்தான் இருக்கும், மேல மட்டும் யாராவது நடந்துக்கிட்டே இருப்பாங்க.” ஒவ்வொரு குறைக்கும் ஒரு ‘ஆனா ஒண்ணு’. எண்ணினால் ஏழெட்டு தேறும். முதலாளி தன் கண்ணாடி அறைக்குள் தலையில் அடித்துக்கொள்வது வெளியே தெரியும். வியாபாரம் கெட்டதா என்றால் அதுவும் இல்லை. இவ்வளவு குறை சொல்கிறவள் பொய் சொல்லமாட்டாள் என்று நம்பித்தான் பாதிப்பேர் கையெழுத்துப் போடுவார்கள்.

வாலக்கா கப்பலில் கால் வைத்ததில்லை. துறைமுகம்வரை இரண்டு முறை போயிருக்கிறார், யாரோ மறந்துவிட்ட பாஸ்போர்ட்டைக் கொடுக்க. அவருக்குத் தெரிந்ததெல்லாம் திரும்பிவந்தவர்கள் சொன்னது. பயணம் முடிந்து நன்றி சொல்ல வருகிறவர்களைச் சும்மா விடமாட்டார். உட்காரவைத்து, கோடு போட்ட தடித்த நோட்டைத் திறப்பார். “பனி உடைஞ்சு விழுந்ததெல்லாம் அப்புறம் சொல்லுங்க. கதவு சாத்தும்போது சத்தம் வந்துச்சா? பால்கனில நாற்காலி சாய்க்க இடம் இருந்துச்சா? மேல்தளத்துலருந்து யாராவது எட்டிப் பார்த்தா உங்களைத் தெரியுமா?” ஒரு கப்பலுக்கு ஐந்தாறு பக்கம். பனியாற்றின் நிறம் பற்றி அந்த நோட்டில் ஒரு வரி கிடையாது. சட்டை மாட்டும் கொக்கிகளின் எண்ணிக்கை இருக்கும்.

பதினோரு வருடம் சலிக்காமல் விசாரித்த பிறகு அவர் கண்டடைந்த அறை ஒன்று உண்டு. குறிப்பிட்ட ஒரு கப்பலில், எட்டாவது தளம், பின்கோடியில் இருக்கும் ஆறு அறைகளில் இடமிருந்து இரண்டாவது. மூலை அறையின் பால்கனி பெரியது. ஆனால் பக்கக்காற்று வளைந்துவரும். நடு அறைகளுக்கு மேலே சாப்பாட்டுக் கூடம். இரண்டாவது அறைக்கு மேலே இன்னொரு அறைதான். அதன் தரை இதன் பால்கனிக்குப் பாதிக் கூரை. தூள் விழாது, காற்று வராது, பாதி வானமும் கிடைக்கும். “ஆயிரத்து ஐந்நூறு ரூம் இருக்கற கப்பல்ல இது ஒண்ணுதான் ரூம். மிச்சமெல்லாம் படுக்கை” என்பார்.

இனி அவருடைய தொழில்முறை ஒன்றைச் சொல்லவேண்டும். எல்லாம் அதிலிருந்து வந்தது.

பருவத்தின் தேதிகள் வெளியாகும் நாளில், முகவர்கள் சில அறைகளைப் பிடித்துவைக்கலாம். வாடிக்கையாளர் கிடைக்கும்வரை வாராவாரம் புதுப்பித்துக்கொண்டே போகலாம். ஆனால் பெயர் இல்லாமல் கப்பல் நிறுவனத்தின் படிவம் நகராது. மற்ற முகவர்கள் வாய்க்கு வந்த பெயரைப் போடுவார்கள். வாலக்கா தன் பெயரைப் போடுவார். பொய்ப்பெயர் போட மனம் வரவில்லையாம். வாடிக்கையாளர் வந்ததும் அந்தப் பெயரை அழித்து அவர் பெயரைப் போடவேண்டியதுதான். பதினோரு வருடமாக ஒவ்வொரு கப்பலின் நல்ல வால் ரூமிலும் முதலில் குடியேறியவர் அவர்தான். கப்பல் நிறுவனம் அவரைப் பெரிய பயணி என்று நினைத்துக்கொண்டு பிறந்தநாளுக்கு வாழ்த்து அனுப்பும். ‘உங்கள் பயணத்துக்கு இன்னும் தொண்ணூறு நாட்களே’ என்று கடிதம் வரும். வெளிநாட்டுக் கடிதங்களை மொழிபெயர்த்துத் தருவது என் வேலை என்பதால் முதல் வருடம் அதையும் மொழிபெயர்த்து அவர் மேசையில் வைத்தேன். வாலக்கா படித்துவிட்டு, “பாவம், அவங்களுக்கு யாரும் சொல்லல போல” என்று மடித்துக் குப்பையில் போட்டார்.

புதிதாக வேலைக்குச் சேர்பவர்களுக்கு முதலில் சொல்லித்தரும் பாடமே இதுதான்: அக்கா பேர் இருந்தால் அது காலி ரூம்.

அவருடைய கணவர் மீன் குளிர்கிடங்கில் இருபத்தாறு வருடம் வேலை பார்த்து, போன வருடம் ஓய்வுபெற்றவர். ஒரு சாண் தடிமனான கதவுக்குப் பின்னால், ஜன்னல் இல்லாத அறையில், உறைந்த பெட்டிகளை அடுக்குவதும் இறக்குவதும். வலது கையில் இரண்டு விரல் நுனிகளில் உணர்ச்சி கிடையாது. சூடான டம்ளரை அந்த விரல்களால்தான் பிடிப்பார். நெஞ்சும் கெட்டுப்போய்விட்டது, குளிர்ந்த காற்று நேராக முகத்தில் பட்டால் இருமல் பிடித்துக்கொள்ளும், லேசில் விடாது. “போன வருஷம் ரெண்டு மாடி ஏறிடுவாரு. இப்ப ஒரு மாடிக்கு ரெண்டு தடவை நிக்கறாரு. நின்னுட்டு, பக்கத்து வீட்டுப் பூந்தொட்டியைப் பாக்கற மாதிரி நடிப்பாரு” என்று ஒருநாள் சாப்பாட்டு டப்பாவை மூடிக்கொண்டே சொன்னார் வாலக்கா.

அவரைக் குளிர்க்கடலுக்கு அழைத்துப்போகவேண்டும் என்று எப்படித் தோன்றியதோ தெரியாது. நான் கேட்டதில்லை. இரண்டு வருடம் மன்றாடியிருக்கிறார். “நான் பாக்காத ஐஸா?” என்பாராம் கணவர். “ஐஸ் பாக்கணும்னா சொல்லு, பழைய ஆளுங்க இருக்காங்க, கிடங்கைத் திறந்து காட்டச் சொல்றேன். ஓசியிலயே பாக்கலாம்.” இவர், “அது பெட்டிக்குள்ள இருக்கற ஐஸுங்க. இது வெளிய இருக்கறது. வெயில் பட்டா நீலமா இருக்குமாம்” என்றிருக்கிறார். “நீலமா இருந்தா கெட்டுப்போனதுன்னு அர்த்தம்” என்று பதில் வந்ததாம்.

கடைசியில் அவரை மடக்கியது ஒரு செருப்பு டப்பா. எதிர்க்காற்று தன் நெஞ்சுக்கு ஆகாது என்று அவர் ஒரே பிடியாக நிற்க, வாலக்கா சாப்பாட்டு மேசைமேல் செருப்பு டப்பாவை நிறுத்தி, மேசை விசிறியை அதன் எதிரே வேகமாக ஓடவிட்டாராம். டப்பாவுக்கு முன்னால் ஒரு துண்டுக் காகிதம். பின்னால், ஒட்டினாற்போல, இன்னொன்று. முன்னால் இருந்த காகிதம் பறந்து சமையலறைக்குப் போய்விட்டது. பின்னால் இருந்தது, “கொஞ்சம் தலையை ஆட்டுச்சு, அவ்வளவுதான்.” கணவர் விசிறியை நிறுத்தச் சொல்லவில்லை. வெகுநேரம் அந்தப் பின்பக்கக் காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “சரி, இந்த ரூமா இருந்தா வரேன். வேற ரூம்னா என்னைக் கூப்பிடாதே” என்றிருக்கிறார். அதை என்னிடம் சொன்ன அன்று வாலக்காவின் குரலில் இருந்ததை, முதல் மகனுக்கு வேலை கிடைத்த தாய்மார்களிடம் கேட்டிருக்கிறேன். அப்போதும் எந்தப் பயணம், எந்த மாதம் என்று அவர் சொல்லவில்லை. எப்போதாவது போவார்கள் என்று எடுத்துக்கொண்டேன்.

அந்தப் பருவத்தின் தேதிகள் வெளியானபோது அவர் எட்டாவது தளத்தில் இடமிருந்து இரண்டாவது அறையைப் பிடித்தார். முதல் வரியில் தன் பெயர். இரண்டாவது வரியில் கணவர் பெயர். ஊழியர் பயணத்துக்கான முன்பணத்தை அலுவலகம் வழியாகக் கடைசி நாளில் கட்டுவதுதான் வழக்கம். அதுவரை அந்த அறையும் பிடித்துவைத்த மற்ற அறைகளைப் போலவே இருக்கும். முதலாளியிடம் போய், “அந்த மாசம் பத்து நாள் லீவு வேணும்” என்று மட்டும் கேட்டார். எதற்கென்று சொல்லக் கூச்சம். “தாராளமா எடுத்துக்கங்கக்கா” என்றார் முதலாளி. எதற்கென்று கேட்க அவருக்கும் நேரமில்லை.

கடைசி நாளுக்கு நான்கு நாள் முன்பு வாலக்கா மதியத்தோடு கிளம்பினார். கணவருக்குக் கனத்த கோட்டு வாங்க. அன்று மாலை ஒரு பல் மருத்துவர் முதலாளிக்கு போன் செய்தார். வருடா வருடம் தன் சங்கத்திலிருந்து முப்பது பேரைப் பயணத்துக்குத் திரட்டிக்கொண்டு வருகிறவர். இந்த முறை தானும் மனைவியும் மட்டும் தனியாகக் குளிர்க்கடலுக்குப் போக வேண்டும், இருப்பதிலேயே நல்ல அறையாக வேண்டும் என்றார். முதலாளி பட்டியலைத் திறந்தார். முதல் வரியைப் பார்த்தார். இரண்டே நிமிடத்தில் முடித்துவிட்டார்.

பெயர் மாற்றத்துக்கான உறுதிக் கடிதம் என்னிடம் வந்தது. முன்பு இருந்த பெயர் என்ற இடத்தில் வாலக்காவின் பெயர் இருந்தது. அதற்குக் கீழே, வழக்கத்துக்கு மாறாக, ஓர் ஆணின் பெயரும் இருந்தது. நான் கவனித்தேன். யாரையும் கேட்கவில்லை. கடிதத்தை மொழிபெயர்த்து, பிழை திருத்தி, மருத்துவருக்கு அனுப்பிவைத்தேன்.

மறுநாள் காலை வாலக்கா கோட்டு வாங்கிய கதையோடுதான் வந்தார். “கண்ணாடி முன்னாடி நின்னு ஒரு சுத்து சுத்திட்டு, ‘இதை இருபத்தாறு வருஷம் முன்னாடி கொடுத்திருந்தா நெஞ்சாவது மிஞ்சியிருக்கும்’னு கடைக்காரன்கிட்டயே சொல்றாரு. அவனுக்கு ஒண்ணும் புரியல. ‘சார், இது இந்த வருஷ மாடல்’ங்கறான்.” சிரித்துக்கொண்டே கணினியைத் திறந்தார். வாரப் புதுப்பிப்பு அவருடைய காலை வேலை. பட்டியலில் ஒருமுறை கீழே போனார், மேலே வந்தார், மறுபடி கீழே போனார். பிறகு எழுந்து கண்ணாடி அறைக்குள் போனார். கதவை மூடவில்லை.

“தம்பி, எட்டாவது தளம் ரெண்டாவது ரூம்ல யாரோ டாக்டர் பேர் இருக்கே?”

“ஆமாங்க்கா! நேத்து சாயங்காலம் முடிச்சேன். உங்களுக்கு ஒரு வேலை மிச்சம்.”

“அது என் ரூம்.”

“எல்லாமே உங்க ரூம்தானேக்கா” என்று முதலாளி சிரித்தார். “உங்க பேர் இருந்தா காலின்னுதானே அர்த்தம்? நீங்க சொல்லிக்கொடுத்ததுதான்.”

“இல்ல தம்பி. இந்தத் தடவை நிஜமாவே நான்தான்.”

சிரிப்பு நின்றது. “நிஜமாவேன்னா? நீங்க போறீங்களா? ஐயோ, ஒரு வார்த்தை சொல்லக்கூடாதாக்கா?”

“பேரைப் போட்டிருந்தேனே” என்றார் வாலக்கா.

முதலாளி கெட்டவர் அல்ல. உண்மையிலேயே பதறினார். தண்ணீர் கொடுத்தார். மற்ற வால் ரூம்களைப் பார்க்கலாம் என்றார். அந்தப் பருவத்தின் வால் ரூம்கள் எல்லாமே போய்விட்டிருந்தன. அவற்றில் பாதியை விற்றவர் எதிரே உட்கார்ந்திருந்தார். டாக்டரிடம் மாற்றிக்கேட்கலாமா என்று வாலக்கா கேட்டதற்கு, முப்பது பேரை அழைத்துவரும் மனிதரிடம் எந்த முகத்தோடு கேட்பது என்றார். பக்கவாட்டில் பால்கனி அறை இரண்டு இருக்கிறதே என்றதற்கு, அந்தக் காற்று அவர் நெஞ்சுக்கு ஆகாது என்றார் வாலக்கா. அடுத்த வருடம் கட்டாயம் என்றார் முதலாளி. பிறகு, “உள் ரூம் ரெண்டு மூணு இருக்குக்கா. ஜன்னல்தான் இல்ல. ஆனா ரூம்ல யாரு இருக்கப்போறா? தூங்க மட்டும்தானே? பாக்கறதுக்கு மேல்தளம் முழுக்க இருக்கே” என்றார். அந்த வாக்கியங்கள் அவருடையவை அல்ல. உள் ரூம் விற்கும்போது வாலக்கா வாடிக்கையாளர்களிடம் சொல்பவை.

வாலக்கா எழுந்தார். கதவருகே வந்தபோது முதலாளி பின்னாலிருந்து சொன்னார்: “நாளைக்குக் கையெழுத்துப் போட வராங்க. அவங்களா வேண்டாம்னு சொல்லிட்டா ரூம் உங்களுக்குத்தான், சத்தியமா. ஆனா நீங்களா பயமுறுத்திடாதீங்கக்கா. உங்க ‘ஆனா ஒண்ணு’ எனக்குத் தெரியும்.”

அன்று முழுதும் அவர் வேறு வாடிக்கையாளர்களுக்கு அறை பார்த்துக் கொடுத்தார். ஒருவருக்கும் குறை வைக்கவில்லை. என் மேசைக்கு ஒருமுறை மட்டும் வந்து, “அந்தக் கடிதம் நீதானே போட்டே?” என்றார். ஆமாம் என்றேன். “கீழ அவர் பேர் இருந்துச்சா?” இருந்தது என்றேன். “எழுத்து சரியா இருந்துச்சா? அவர் பேரை எல்லாரும் தப்பாத்தான் எழுதுவாங்க” என்றார். சரியாக இருந்தது என்றேன். போய்விட்டார்.

அடுத்த நாள் காலை நான் கேட்காமலே சொன்னார். “உள் ரூம்னு அவர்கிட்ட சொல்லிப் பார்த்தேன். ‘ஜன்னல் இல்லாத குளிர் ரூம்ல இருபத்தாறு வருஷம் சம்பளம் வாங்கிட்டு இருந்தேன். இப்பக் காசு கொடுத்துட்டு வேற இருக்கணுமா?’ன்னாரு. அதோட சரி. கோவமெல்லாம் இல்ல. கோட்டு பில்லு எங்கன்னு கேட்டாரு, திருப்பிக் கொடுக்க.” பென்சிலைச் சீவிக்கொண்டிருந்தார். சீவிய பென்சிலையே மறுபடி சீவினார். “அடுத்த வருஷம்னு தம்பி சொல்றாரு. அடுத்த வருஷம் கப்பல் வரும். அதுல சந்தேகம் இல்ல.” பிறகு, எனக்கென்று இல்லாமல், “சொந்தக் கையாலயே வெச்சுக்கிட்ட சூனியம். பதினோரு வருஷமா என் பேரைப் பார்த்தா ஆள் இல்லைன்னு நானே ஊருக்கெல்லாம் பாடம் எடுத்திருக்கேன்” என்றார்.

பல் மருத்துவரும் மனைவியும் பதினொரு மணிக்கு வந்தார்கள். இருவரும் அறுபதைத் தாண்டியவர்கள், பளிச்சென்று இருந்தார்கள். மருத்துவர் பேச்சை மனைவிக்கு விட்டுவிட்டு, எதிரே இருப்பவர்களின் பற்களைப் பார்க்கிற ரகம். கண்ணாடி அறையில் முதலாளி போனைக் காதில் வைத்திருந்தார்; பேசவில்லை. வாலக்கா கப்பலின் எட்டாம் தளப் படத்தைக் காகிதத்தில் எடுத்து மேசைமேல் விரித்தார்.

“தூக்கம் எப்படி உங்களுக்கு?”

“அதை ஏன் கேக்கறீங்க? முப்பத்தஞ்சு வருஷமா இவர் குறட்டைக்குப் பக்கத்துல தூங்கறேன். கப்பல் என்ஜினெல்லாம் எனக்குத் தாலாட்டு” என்றார் அந்த அம்மாள்.

“முட்டி?”

“நேத்து லிஃப்ட் ஓடல. ஆறு மாடி ஏறினோம். இவரு மூட்டை வேற தூக்கிக்கிட்டு வந்தாரு.”

வாலக்கா அதை எழுதினார். “இருமல், மூச்சு, அந்த மாதிரி ஏதாவது?”

“ஒண்ணும் கிடையாதும்மா.”

எழுதினார். அந்த அறைக்கு இவர்களைவிடப் பொருத்தமானவர்களை அவர் பதினோரு வருடத்தில் பார்த்திருக்கமாட்டார். அதைச் சொல்லவும் செய்தார்: “உங்களுக்குச் சரியான ரூம்தான்.” பிறகு, “ஆனா ஒண்ணு” என்றார்.

கண்ணாடி அறையில் போன் கீழே வைக்கப்பட்டது.

அவர் எதையும் கூட்டவில்லை. நான் மூன்று வருடமாகக் கேட்டுவருகிற அதே குறைகள், அதே வரிசை, அதே மாமியார். கட்டில் குலுங்குவதைச் சொன்னார். நீள நடப்பதைச் சொன்னார். கறுப்புத் தூளும் நாற்காலி இழுக்கும் சத்தமும் மற்ற அறைகளுக்குத்தான், இதற்கு இல்லை என்பதையும் மறைக்காமல் சொன்னார். ஆனால் எப்போதும் அந்த இடத்தில் வாடிக்கையாளர்கள் சிரிப்பார்கள். அந்த அம்மாள் சிரிக்கவில்லை. கணவர் பக்கம் திரும்பினார்.

“கட்டில் குலுங்கும்ங்கறாங்களே. எனக்குக் குறட்டை பரவாயில்ல, குலுக்கல் ஒத்துக்குமா தெரியலையே. பேசாம கப்பலுக்கு நடுவுல எடுத்துக்கலாமா?”

“நீ சொல்றதுதான்” என்றார் மருத்துவர்.

“நடுவுல ரூம் இருக்காம்மா?”

“இருக்கு” என்றார் வாலக்கா. “பால்கனியோட ரெண்டு இருக்கு. குலுங்காது.”

“அப்ப அதுவே…” என்று ஆரம்பித்தவர் நிறுத்திக்கொண்டார். கைப்பையை மடியில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக நகர்த்தினார். முதலாளி கண்ணாடி அறையின் கதவுவரை வந்துவிட்டிருந்தார். நான் தட்டச்சு செய்வதை நிறுத்தியிருந்தேன்.

“எனக்கு ஒண்ணும் முடிவு பண்ணத் தெரியல. டாக்டர் பல்லைத் தவிர வேற எதுலயும் வாயைத் திறக்கமாட்டாரு. நீங்களே சொல்லுங்க. மனசுல இருக்கறதைச் சொல்லணும். நீங்களா இருந்தா எதை எடுப்பீங்க? நடு ரூமா, இதா?”

வாலக்கா அந்த அம்மாளின் முகத்தைப் பார்த்தார். முதலாளியைப் பார்க்கவில்லை.

“இதைத்தான் எடுப்பேன்” என்றார்.

“அவ்வளவு நல்லா இருக்குமா?”

“இருக்கும். குலுங்கறது கரை சேரும்போது பத்து நிமிஷம். மிச்ச நேரம் பால்கனில உக்காரலாம். காத்து வராது.”

“அப்ப முடிஞ்சுது” என்று அந்த அம்மாள் நாற்காலியை முன்னால் இழுத்துப் படத்தின்மேல் குனிந்தார். மூக்குக்கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டார். “எங்க இருக்கு எங்க ரூம்? காட்டுங்க பாக்கலாம்.”

அப்போதுதான் கவனித்தேன். படத்தை விரித்ததிலிருந்து வாலக்காவின் இடது உள்ளங்கை அதன் பின்கோடியில் அழுந்தப் படிந்திருந்தது. காகிதம் பறக்காமல் இருக்க என்றுதான் நினைத்திருந்தேன். விசிறி எதுவும் ஓடவில்லை. அந்த அம்மாள் கண்ணாடிக்கு மேலாக நிமிர்ந்து பார்த்தார். வாலக்கா முதலில் சுண்டுவிரலை எடுத்தார். பிறகு அடுத்த விரலை. பிறகு கையை முழுவதும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.